மீன் தொட்டிக்குக் காவல்

முதலில் செத்தது கறுப்பு மோலி. ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் லைட்டைப் போட்ட கங்கப்பன், அது வயிறு தெரிய மிதப்பதைப் பார்த்துவிட்டு நேராகப் பூனையைத்தான் தேடினான். பட்டாணி என்ற அந்தப் பூனை அடுப்படியில், முனிலட்சுமி பாதி பின்னி வைத்திருந்த ஒயர்க் கூடைக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. மீனை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். மேலே ஒரு கீறல்கூட இல்லை.

"பட்டாணியை எதுக்கு முறைக்கறீங்க? பஸ்ல குலுங்கி வந்தது, ஒத்துக்கல போல" என்றாள் முனிலட்சுமி.

அவள் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. சிவாஜி நகரில் வாங்கி, பாலித்தீன் கவரில் தண்ணீரோடு மடியில் வைத்துக்கொண்டு அவன் ஏறி வந்தது ஓசூர் வரைக்கும் நின்று நின்று வரும் பஸ். கண்டக்டர்கூட, மீனுக்கு டிக்கெட் போடட்டுமா என்று கன்னடத்தில் கேலி பண்ணினான்.

மத்திகிரி ரோட்டில் வரிசையாகக் கட்டியிருந்த லைன் வீடுகளில் ஒன்றில் அவர்கள் குடியிருந்தார்கள். கல்யாணமாகி நாலு வருஷம். கங்கப்பனுக்கு சிப்காட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் பிளேட்டிங் செக்ஷன். லீவு நாளில் அவனுக்குக் கை சும்மா இருக்காது. கட்டிலுக்கு அடியில் சக்கரம் வைப்பான், ரேடியோவுக்கு மரப்பெட்டி அடிப்பான். அந்த வருஷம் மீன் தொட்டி பிடித்துக்கொண்டது. இரும்பு ஆங்கிளை வெல்டு வைத்து, கண்ணாடி வெட்டி, இடுக்கில் பட்டி அப்பி அவனே செய்தான். முதல் தடவை ஒழுகிப் பாய் தலையணை எல்லாம் நனைந்தது. இரண்டாவது தடவை நின்றது.

அன்றைக்கு முனிலட்சுமி சொன்ன ஒரு வார்த்தை அவன் மனசில் பிற்பாடு பெரிதாக வளர்ந்தது. "குடத்துக்குக் குடம் பைப்படியில சண்டை போட்டுத் தண்ணி புடிக்கறன். இவருக்கு மீன் நீந்தணுமாம்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்போது அவனும் சிரித்தான். மீன் வந்தபிறகு அவளுக்கும் பிடித்துத்தான் போனது. மெதுவாக வளைய வந்து எல்லாரையும் ஒரு பார்வை பார்க்கும் தங்க மீனுக்குக் கலெக்டர் என்று பேர் வைத்தவளே அவள்தான்.

மோலிக்குப் பிறகு குட்டி மீன்கள் ஒவ்வொன்றாகப் போயின. நடுவில் ஒரு வாரம் ஒன்றும் சாகாது. அப்பாடா என்றிருக்கும்போது மறுபடியும் ஆரம்பிக்கும். கங்கப்பன் யோசித்து யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தான். அவனுக்கு நைட் ஷிப்டு இருக்கும் வாரங்களில் மீன் சாவதில்லை. காலை ஷிப்டு வாரங்களில்தான் சாகிறது.

கேன்டீனில் இதைச் சுடலைமுத்துவிடம் சொன்னான். சுடலைமுத்து திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவன், அதே செக்ஷனில் பக்கத்து முலாம் தொட்டியில் வேலை. டம்ளரை வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டான்.

"நைட்டுன்னா பகல்ல நீரு வீட்ல கெடப்பீரு. அப்பம் ஒண்ணும் ஆகல. காலையில நீரு இங்க வந்துட்டா ஆகுது. அந்நேரம் வீட்ல யாருவே இருக்கா?"

"அவ மட்டும்தான்."

"நான் ஒண்ணும் சொல்லலவே. நீரே ரோசிச்சுப் பாரும்."

அவன் சொல்லாமலே விட்டதுதான் கங்கப்பனோடு வீட்டுக்கு வந்தது. அன்றிலிருந்து முனிலட்சுமி செய்வதெல்லாம் அவன் கண்ணில் வேறு மாதிரி பட்டது. அவன் உள்ளே நுழைந்ததும் அவளும் பக்கத்து வீட்டுச் சரோஜம்மாளும் பேச்சை நிறுத்துகிறார்கள். எதற்காக? சோப்புத் தூள் டப்பா தொட்டிக்குப் பக்கத்து அலமாரிக்கு எப்படி வந்தது? மீன் செத்த சேதி சொன்னால், "அய்யோ பாவம்" என்கிறாளே, அது கொஞ்சம் சீக்கிரமாக வரவில்லையா? தண்ணீர் வராத நாட்களில் அவள் தொட்டியைப் பார்க்கும் பார்வையை அவன் படுத்தபடியே கவனித்தான். பினாயில் பாட்டிலில் திரவம் நிற்கும் இடத்தில் நகத்தால் ஒரு கோடு போட்டு வைத்தான். இரண்டு நாளில் அது கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. கக்கூஸ் கழுவினால் இறங்கத்தான் செய்யும் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அது அவனுக்குச் சாட்சியாகத்தான் பட்டது.

பிறகு நூல் கட்டினான். தொட்டிக்கு மேலே பலகை மூடி ஒன்று உண்டு. அதையும் ஆங்கிளையும் சேர்த்து, தலைமுடி மாதிரி மெலிசான கறுப்பு நூலைக் கட்டிவிட்டுக் காலையில் கிளம்பிப் போனான். சாயங்காலம் வந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் தொட்டியிடம் போனான். நூல் கட்டியபடியே இருந்தது. நிம்மதியாக அறுத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கண்ணாடியில் படிந்த பாசியை விரலால் வழித்து, செடிகளை நட்டு, தீனி போட்டான். மறுநாள் காலையில் ஏஞ்சல் மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது.

அப்போதாவது அவனுக்கு உறைத்திருக்கலாம். உறைக்கவில்லை. நூலை அவிழ்த்து மறுபடி கட்டியிருக்கிறாள் என்றுதான் தோன்றியது. கூடை பின்னுகிற விரல்கள், அவளுக்கு முடிச்சு என்ன பெரிய விஷயமா?

மறுநாள் சூப்பர்வைசரிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வெயில் ஏறுவதற்குள் வீட்டுப் பக்கம் வந்தான். கதவைத் தட்டாமல் பக்கவாட்டு ஜன்னலிடம் போய் நின்றான். முனிலட்சுமி தொட்டிக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்து கூடை பின்னிக்கொண்டிருந்தாள். பூனை அவள் காலடியில் கிடந்தது. அவள் கலெக்டரிடம் என்னவோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு காதைக் கொடுத்தான்.

திரும்பிப் பார்க்காமலே அவள் சொன்னாள். "உள்ள வாங்க மாமா. ஜன்னல மறைச்சா பின்னறது தெரியல."

உள்ளே போனவனுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு துண்டு கறுப்பு நூலை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள்.

"நீங்க அறுத்துப் போட்டது. பெருக்கறப்ப கெடைச்சுது. எதுக்குக் கட்டினீங்கன்னு முதல்ல புரியல. அப்புறம் புரிஞ்சுது."

"நான் உன்னைச் சொல்லலயே."

"வாயால சொல்லல." அவள் குரல் ஏறவில்லை. "அம்மா ராகிக் கொல்லையில ஒண்டியா காவல் இருக்குது. யானை இறங்குதாம். நான் தேன்கனிக்கோட்டைக்குப் போறன். பூனையையும் கூட்டிக்கறன். வீட்டுல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. சாவியை யார்கிட்டயும் குடுக்காதீங்க, சரோஜாக்காகிட்டகூட. மீன் பொழைக்குதா பாருங்க."

மத்தியான பஸ்ஸிலேயே போய்விட்டாள். கூடைக்குள் பட்டாணியை வைத்து மேலே துண்டு போட்டுக் கட்டியிருந்தாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவன் கூடப் போனான்.

அவன் பின்கதவுக்குத் தனியாக ஒரு பூட்டு வாங்கிப் போட்டான். ஜன்னலைக் கொண்டி போட்டு அடைத்தான். காலை ஷிப்டு. சாயங்காலம் வந்து, எல்லாப் பூட்டையும் இழுத்துப் பார்த்து, தொட்டியில் கைவிட்டுச் செடிகளைச் சரிபண்ணி, தீனி போட்டான். விடிந்து பார்த்தால் இரண்டு மீன்கள் மிதந்தன.

கட்டிலில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் இல்லை என்பதைவிட, அவள் செய்யவில்லை என்பதுதான் அவனை அதிகம் கலக்கியது. உடனே மனசு வேறு ஆளைத் தேடியது. சரோஜம்மாள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நேத்து எங்க ஜன்னல் பக்கம் யாராச்சும் வந்தாங்களா?"

அவள் நிமிர்ந்து அவனை மேலும் கீழும் பார்த்தாள். "யாரும் வரல தம்பி. அன்னிக்கு நீ வந்து நின்னதுதான் நான் பார்த்தது."

அன்று வேலையில் அவனுக்கு மனசு ஓடவில்லை. சாமான்கள் கோத்த கொக்கியைக் செம்பு முலாம் பூசும் காப்பர் தொட்டியிலிருந்து தூக்கும்போது நழுவவிட்டதில், கரைசல் முழங்கை வரைக்கும் தெறித்தது. துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தான். தண்ணீரில்தான் ஏதோ கோளாறு, மொத்தத்தையும் மாற்றிவிடுவோம் என்ற முடிவோடு வீட்டுக்கு வந்தான். வெள்ளை எனாமல் பேசினில் குடிதண்ணீரை ஊற்றினான். தொட்டியில் மீதி இருந்தது கலெக்டர் மட்டும்தான். அதை இரண்டு கையாலும் அள்ளி, பேசினுக்குள் மெதுவாக இறக்கினான். மடித்த சட்டைக் கை அவிழ்ந்து தண்ணீரில் தொங்கியது.

சட்டைக் கையின் ஓரத்திலிருந்து ஒரு நீலம் கிளம்பியது. பீடிப் புகை மாதிரி மெலிசாகச் சுருண்டு, வெள்ளைப் பேசினில் பரவியது. மீன் விலுக்கென்று ஒதுங்கி மறுபக்கத்தில் முட்டியது.

அந்த நீலம் என்னவென்று கங்கப்பனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நாகரசம்பட்டியில் அவன் அப்பன் மாமரத்துக்கு மருந்தடிப்பவர். சுண்ணாம்போடு மயில்துத்தம் கரைத்து அடிப்பார். ஒரு தடவை சின்னப் பையனாக இருந்த கங்கப்பன் அந்த அண்டாவைக் குட்டையில் கொண்டுபோய்க் கழுவிவிட்டான். மறுநாள் குட்டை முழுக்க மீன் மிதந்தது, ஊரே கூடி அவன் அப்பனைத் திட்டியது, அப்பன் அவனை வேப்பங்குச்சியால் விளாசினார். கம்பெனிக் காப்பர் தொட்டியில் மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கரைப்பதும் அதே துத்தம்தான். கொட்டுபவனே அவன்தான். இரண்டும் தெரிந்தவன், ஒரு நாளும் ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்த்ததில்லை.

நைட் ஷிப்டு வாரத்தில் வந்ததும் படுத்துத் தூங்கி, எழுந்து, எண்ணெய் சோப்பு போட்டுக் குளித்துவிட்டுத்தான் தொட்டிப் பக்கம் போவான். காலை ஷிப்டு வாரத்தில் அதே சட்டையோடு, அதே கையோடு நேராகப் போவான்.

டம்ளரால் மீனை மொண்டு, சொம்பில் இருந்த நல்ல தண்ணீருக்கு மாற்றினான். பிறகு அடுப்படியில் போய் உட்கார்ந்தான். காலையில் அவன் வடித்து வைத்த சாதம் ஆறிக் கிடந்தது. அந்தக் கையால் பிசைந்து வாயில் வைக்க முடியவில்லை. நகக் கண்களைப் பார்த்தான். முனிலட்சுமியின் விரல்கள் நினைவுக்கு வந்தன. ஆறேழு மாதமாக அவை வெடித்துச் சிவந்து அரித்துக்கொண்டிருந்தன. ஒயர் அறுக்கிறது, கூடை பின்னுவதை விட்டுத் தொலை என்று அவளைத்தான் அவன் சத்தம் போட்டிருந்தான். அவனுடைய சட்டைகளைத் தினமும் கல்லில் போட்டுக் கசக்குபவள் அவள்தான்.

வார லீவு வந்ததும் தேன்கனிக்கோட்டைக்குப் பஸ் ஏறினான். மாமியார் சென்னம்மா வாசலில் ராகிக் கதிர் உலர்த்திக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையை வா என்று சொன்னதோடு சரி. உள்ளே திரும்பி மகளிடம், மீனுக்குப் போலீஸ்காரர் வந்திருக்கிறார் என்று கன்னடத்தில் சொன்னாள். அவனுக்குக் கன்னடம் தெரியுமென்று அவளுக்கும் தெரியும்.

அவன் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். முனிலட்சுமி கதிரைக் கிளறிக்கொண்டே கேட்டாள். கடைசியில் கையை நிறுத்தினாள்.

"பினாயில் பாட்டில்ல கோடு போட்டது நீங்கதானே?"

"ஆமா."

"அதைப் பார்த்த அன்னிக்கு எனக்கு வேற மாதிரி ஓடுச்சு." அவள் அவனைப் பார்க்கவில்லை. "முகம் குடுத்துப் பேசறதில்ல. தூங்கறப்ப முழிச்சுப் பாக்கறீங்க. பாட்டில்ல அளவு போட்டு வெச்சிருக்கீங்க. இவரு எனக்குத்தான் என்னமோ கலக்கப் போறாருன்னு நெனைச்சன். நீங்க போட்டுக் குடுத்த டீயை ரெண்டு தடவை வெளிய ஊத்தியிருக்கன்."

கங்கப்பன் அவள் விரல்களைப் பிடித்துப் பார்க்கக் கையை நீட்டினான். பாதியிலேயே இழுத்துக்கொண்டான். காலையில் இரண்டு தடவை சோப்பு போட்டுக் கழுவிய கைதான்.

"ராகி அடிச்சு முடிச்சிட்டு வர்றன்" என்றாள் அவள். "இப்ப வர முடியாது. மனசு இன்னும் சரியாகல."

திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் கையுறை கேட்டான். ஸ்டோரில் கிழிந்த ஜோடி ஒன்று இருந்தது. வேறு செக்ஷன் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார். பார்த்து முடிக்க மறு வருஷப் பொங்கல் ஆனது. பாக்கிங்குக்கு மாற்றினார்கள், ஓவர்டைம் போயிற்று. அதுவரைக்கும் கம்பெனிக் குழாயடியிலேயே குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் கேட்டைத் தாண்டினான்.

குழாயடியில் நின்ற அவனைச் சுடலைமுத்து கேலி செய்தான். "மாமியார் வீட்டு விருந்தாவே?" கங்கப்பன் மீன் விஷயத்தை முழுசாகச் சொன்னான். சுடலைமுத்துவுக்கு ஒன்றரை வயசுப் பெண் குழந்தை. சைக்கிள் சத்தம் கேட்டதும் ஓடிவந்து அப்பன் விரலைப் பிடித்துச் சப்பும் என்று கேன்டீனில் பெருமையாகச் சொல்லுவான். கேட்டு முடித்ததும் சட்டையைக் கழற்றிக் கம்பியில் போட்டுவிட்டு, தானும் குழாயைத் திறந்தான்.

முனிலட்சுமி ராகி மூட்டையோடும் பூனையோடும் அந்த வருஷமே, தை பிறப்பதற்கு முன்னால் வந்து சேர்ந்தாள். வந்த அன்றே வேலைச் சட்டைகளுக்கு ஒரு தனி வாளியைக் கொல்லையில் வைத்தாள். அதில் அவள் கை வைப்பதில்லை. கங்கப்பனே துவைத்தான். அவன் கல்லில் சட்டையை அடிக்கும் சத்தம் கேட்டால் சரோஜம்மாள் எட்டிப் பார்ப்பாள். பொண்டாட்டி கோபித்துக்கொண்டு போய், துணி துவைக்க ஒத்துக்கொண்ட பிறகுதான் திரும்பி வந்தாளாம் என்று லைன் வீடு முழுக்கப் பேச்சு. கங்கப்பன் காதுக்கும் அது வந்தது. இல்லையென்று அவன் யாரிடமும் சொல்லவில்லை.