எஃப்.சி. லைட்

"இப்போ மிதி," என்று டிரெய்லருக்கு அடியிலிருந்து லோகநாதன் குரல் கொடுத்தான்.

டிராக்டரில் உட்கார்ந்திருந்த சுதாகர் பிரேக்கை மிதித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். பின்னால் ஒன்றும் எரியவில்லை.

"மிதிச்சிகினுதான் கீறேன்ணா."

"மிதிச்சிகினே இரு. காலை எடுக்காத."

ஆரணியில் வந்தவாசி சாலை ஓரமாக ஒரு தகரக் கூரையும் அதை ஒட்டி ஒரு புங்கமரமும்தான் லோகநாதனின் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. பைக், ஆட்டோ எல்லாம் கூரைக்குக் கீழே நிற்கும். டிராக்டர் வந்தால் மரத்தடிதான். மறுநாள் காலையில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் டிரெய்லரை நிறுத்தி, ரோட்டில் ஓடத் தகுதியான வண்டிதான் என்று எஃப்.சி. வாங்க வேண்டும். அதற்காக முந்தின நாளே நீலப் பெயின்ட் அடித்து, பக்கவாட்டில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி கொண்டுவந்து நிறுத்தியிருந்தான் சுதாகர்.

லோகநாதன் ஸ்க்ரூடிரைவரால் ஒரு போல்ட்டைச் சுரண்டிக்கொண்டே முணுமுணுத்தான். "பெயின்ட் அடிச்சவன் எர்த் போல்ட்டு மேலயே பூசிட்டு போயிருக்கான். கரண்ட்டு எங்கதான் போவும்?" சுரண்டிய இடத்தில் ஒயரைச் சுற்றி முடுக்கியதும் புங்கமரத்தின் அடிமரம் சிவந்தது.

சுதாகர் ஒரு செங்கல்லைப் பிரேக் பெடல் மேல் சாய்த்து வைத்துவிட்டு இறங்கிப் பின்பக்கம் ஓடினான். நீள் சதுரமாக இரண்டு எல்.இ.டி. லைட்டுகள். உள்ளே மாதுளை முத்துகளை அடுக்கியது போல வரிசை வரிசையாக எரிந்தன. பட்டப்பகலிலும் கண் கூசியது.

"இது பல்பு மாதிரி போயிடாதாண்ணா?"

"பல்புன்னா உள்ள கம்பி. நம்ம ரோட்ல ஒரு குதி குதிச்சா கம்பி அறுந்துடும். இதுல கம்பியே கெடையாது. பள்ளத்துல தூக்கிப் போட்டாலும் எரியும். வண்டி துரு புடிச்சி கொட்டினாலும் இது எரிஞ்சிகினே இருக்கும்."

சுதாகர் அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சந்தோஷப்பட்டான். கமலக்கண்ணனின் டிராக்டருக்கு அவன் டிரைவராகி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. தேவிகாபுரம் பக்கத்துக் களங்களிலிருந்து ஆரணி அரிசி மில்லுக்கு நெல் மூட்டை ஏற்றி வருவது வேலை. பத்து நாளுக்கு ஒரு முறை டெயில் லைட் பல்பு செத்துப்போகும். முதல் வருஷம் கேட்டுக் கேட்டு வாங்கிப் போட்டான். பிறகு முதலாளி, "உனுக்கு பல்பு வாங்கித் தரத்துக்கா நான் வியாபாரம் பண்றேன்?" என்றதோடு சரி. பின்னால் வருகிற வண்டிகள் கடைசி நொடியில் பிரேக் அடித்து, ஒதுங்கி, முன்னால் போகும்போது ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் போகும். அந்தத் திட்டும் சேர்த்துத்தான் அவன் சம்பளம். அவனை வேறொரு பயம் அரித்துக்கொண்டிருந்தது. என்றைக்காவது ஒருவன் பிரேக் அடிக்க மாட்டான்.

எஃப்.சி. பத்து நிமிஷத்தில் முடிந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் லைட்டைப் போடச் சொன்னார், அணைக்கச் சொன்னார், இடது வலது இண்டிகேட்டர் பார்த்தார், "நல்லா வெச்சிருக்கியேப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். சுதாகருக்குத் தன்னைத்தான் சொன்ன மாதிரி இருந்தது.

அன்று மாலை மில்லில் லோடு இறக்கியதும் அவன் மனைவி சூர்யகலாவைப் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினான். அவளும் அதே வண்டியில்தான் வேலை செய்தாள். களத்தில் மூட்டைக்கு வாய் தைப்பது, சிந்தின நெல்லைக் கூட்டி அள்ளுவது. முதலாளியின் நோட்டில் அவள் பெயர் கிடையாது. சனிக்கிழமை சுதாகர் கையிலேயே அவள் கூலியும் சேர்ந்து வரும்.

"சூப்பரா கீது மாமா," என்றாள். "நம்ம வூட்டு டியூப்லைட்டவிட இது வெளிச்சம்."

மட்கார்டு மேல் அவள் உட்கார, இருவரும் ஊருக்குத் திரும்பினார்கள். பொழுது சாய்ந்திருந்தது. போளூர் போகிற பஸ் ஒன்று வெகுதூரத்திலேயே அவர்களைப் பார்த்து, வேகம் குறைத்து, மெதுவாக விலகிப் போனது. டிரைவர் திட்டவில்லை. அவர்கள் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"பாத்தியா," என்றான் சுதாகர்.

மறுநாள் விடிந்ததும் லோகநாதனிடமிருந்து போன் வந்தது. "சுதாகரு, ஜல்தியா வந்து லைட்ட குடுத்துட்டு போ. இன்னொரு டிரெய்லர் நிக்குது."

"எந்த லைட்ண்ணா?"

"முந்தாநேத்து மாட்டினது. அது எஃப்.சி. செட்டுப்பா. ஒரு நாள் வாடகை. இந்த சீசன்ல அந்த ஜோடி ஒன்பது வண்டிக்கு பாஸ் வாங்கிக் குடுத்துடிச்சி. உனுக்கு சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. போன தடவை எஃப்.சி. காட்டியது பழைய டிரைவர். சுதாகர் போனை வைத்துவிட்டு வண்டியை நேராக டவுனுக்கு, கமலக்கண்ணனின் பட்டுப் புடவைக் கடைக்கு விட்டான்.

கடை வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றான். உள்ளே கல்யாண வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். கமலக்கண்ணன் ஒரு புடவையின் முந்தியை விரித்துக் காட்டியபடியே அவனைப் பார்த்து, "இன்னாடா?" என்றார்.

"லைட்ட கேக்கறாங்க மொதலாளி. நம்ம வண்டியிலயே இருக்கட்டும்னு..."

"தை பொறக்கட்டும், பாத்துக்கலாம்."

"இது பனி காலம் மொதலாளி. நீங்க சொன்னா நானே வாங்கி மாட்டிக்கறேன். நீங்க தர வேணாம்."

கமலக்கண்ணன் முந்தியை மடித்து வைத்தார். கோபப்படவில்லை, சிரித்தார். "இன்னிக்கி நீ லைட்டு மாட்டுவ. நாளைக்கு டயரு மாத்துவ. அதுக்கு மறுநாளு வண்டியே என்னுதுன்னு வந்து நிப்ப. அப்பறம் நான் உன் பின்னாடி மூட்ட தெக்க வரணும்." கல்யாண வீட்டாரும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் சுதாகரும் சிரித்தான். வந்தவாசி சாலை வரைக்கும் அந்தச் சிரிப்பு அவன் முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கழுவினால் தேவலை போலிருந்தது அவனுக்கு.

லோகநாதன் நான்கு போல்ட்டைக் கழற்றி லைட்டுகளைத் துணியில் சுற்றிக்கொண்டான். தொங்கிய ஒயர்களின் முனைக்குக் கறுப்பு டேப் சுற்றினான். "பழைய பல்பு செட்ட மாட்டவா?" என்று கேட்டான். பழைய செட்டின் கண்ணாடி ஒரு பக்கம் உடைந்து, உள்ளே துருவேறியிருந்தது. மாட்டினான். வலது பக்கம் மட்டும் எரிந்தது. அதுவும் மூன்றாம் நாள் களத்துமேட்டுப் பள்ளத்தில் போய்விட்டது.

மார்கழி பிறந்தது. காலை ஏழு மணி வரைக்கும் பனி விலகாது. மில்லில் முதல் ஆளாகப் போய் நின்றால்தான் சீக்கிரம் லோடு இறங்கும். அதனால் விடியும் முன்பே கிளம்பியாக வேண்டும். முதல் இரண்டு நாள் சுதாகர் முன்னால் பார்த்ததைவிடத் திரும்பிப் பார்த்ததுதான் அதிகம். மூன்றாம் நாள் சூர்யகலா மட்கார்டில் ஏறாமல் பின்னால் போனாள்.

"எங்க போற?"

"நான் பின்னாடி உட்காந்துகினு லைட்டு அடிக்கறேன்."

"வேணாம் கலா. வீணா பேஜாரு."

"எவனாச்சும் வந்து வுட்டான்னா டிரைவரத்தான் போட்டு அடிப்பாங்க. போன மாசம் சந்தவாசலாண்ட அந்த டிராக்டர்காரன அடிச்ச அடிய பாத்த இல்ல? நீ முன்னாடி பாத்து ஓட்டு."

அவள் யோசித்துத்தான் வைத்திருந்தாள். முதலாளி கடையின் சிவப்புப் பிளாஸ்டிக் பை ஒன்றைச் செல்போன் மேல் சுற்றி, டார்ச்சைப் போட்டாள். சிவப்பாகத்தான் தெரிந்தது. கடைசி மூட்டையின் மேல் உட்கார்ந்து, காலைப் பின்பலகைக்கு வெளியே தொங்கவிட்டு, போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். பின்னால் வண்டி வெளிச்சம் தெரிந்தால் கையை அப்படியும் இப்படியும் ஆட்டுவாள். வண்டிகள் விலகிப் போயின. மில்லுக்கு வந்து சேரும்போது பனியில் அவள் தலைமயிர் நனைந்திருக்கும், விரல்கள் மடங்காது. சுதாகர் டீக்கடையில் முதல் டம்ளரை அவள் கையில் கொடுப்பான். அவள் குடிக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருப்பாள்.

அப்படிப் பன்னிரண்டு நாள் போனது.

பதின்மூன்றாம் நாள் பனி ரொம்ப அதிகம். பால் ஏற்றி வந்த வேன்காரன் சிவப்பாக எதையோ பார்த்ததாகவும், பைக் என்று நினைத்துப் பக்கத்தில் வந்துவிட்டதாகவும் பிறகு சொன்னான். சுதாகருக்குச் சத்தம் கேட்கவில்லை, முதுகில் ஒரு தள்ளல்தான் தெரிந்தது. வண்டியை நிறுத்தி ஓடினான். ரோடெல்லாம் பால். வேனின் முன்பக்கத்துக்கும் டிரெய்லரின் பலகைக்கும் நடுவில் சூர்யகலாவின் வலது கால் மாட்டியிருந்தது. அவள் கத்தவில்லை. "வேனை தள்ளுங்க, தள்ளுங்க," என்று வேலை சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆரணியில் கட்டுப் போட்டு வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் என்றார்கள். சுதாகர் கையெழுத்துப் போட்டான். ஆபரேஷன் முடிந்து அவள் கண் திறக்கும் முன்பே போன் வந்தது. ஸ்டேஷனுக்கு உடனே வரச் சொல்லி முதலாளி கூப்பிட்டார்.

ஸ்டேஷன் வேலி ஓரமாக டிராக்டர் நின்றிருந்தது. டிரெய்லரின் பின்னால் லோகநாதன் உட்கார்ந்து ஒயரைச் சீவிக்கொண்டிருந்தான். பக்கத்துத் துணியில் புது எல்.இ.டி. லைட்டுகள். பேப்பர்கூடப் பிரிக்காத புது ஜோடி. மத்தியானம் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைப் பார்ப்பதாக இருந்தது.

"கலா எப்டி கீது?" என்று லோகநாதன் கேட்டான். தலையைத் தூக்காமல் கேட்டான்.

"காலை எடுத்துட்டாங்கண்ணா."

லோகநாதன் போல்ட்டை முடுக்கினான். கை வழுக்கி ஸ்பேனர் கீழே விழுந்தது.

உள்ளே ரைட்டர் எழுதி முடித்து வைத்திருந்தார். கமலக்கண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி. எழுந்து வந்து சுதாகரின் தோளில் கை வைத்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. "பயப்படாத. ஆஸ்பத்திரி செலவு நான் பாத்துக்கறேன்."

ரைட்டர் படித்தார். டிரெய்லரின் பின்விளக்குகள் நல்ல நிலையில் எரிந்துகொண்டிருந்தன. வாக்குமூலம் கொடுப்பவரின் மனைவி, வீட்டில் இருப்பவர், டவுனுக்கு வரவேண்டி, இவருக்குத் தெரியாமல் டிரெய்லரின் பின்புறம் ஏறி ஆபத்தான முறையில் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

"தெரியாம இல்ல சார்," என்றான் சுதாகர். "அது வேலைக்கித்தான் வந்துது. மூட்ட தெக்கற வேலை."

ரைட்டர் பேனாவை மூடி வைத்தார். கமலக்கண்ணன் அவனை ஜன்னல் பக்கம் கூட்டிப்போனார்.

"அப்போ தெரிஞ்சே ஏத்தினேன்னு எழுதட்டுமா? லைட்டே எரியலன்னு எழுதட்டுமா? லைட்டு இல்லாத வண்டிய ரோட்ல ஓட்டினது யாரு? நானா? எஃப்.சி. பேப்பரு என் கையில கீது. எழுதினா உன்னைத்தான் உள்ள வெப்பாங்க, லைசென்ஸும் போவும். அங்க அவள யாரு பாத்துக்குவாங்க? உன் பொண்ண யாரு ஸ்கூலுக்கு அனுப்புவாங்க? நல்லா யோசன பண்ணிக்க."

சுதாகர் யோசித்தான். யோசிக்க யோசிக்க எல்லாம் முதலாளி சொன்ன இடத்திலேயே வந்து நின்றது. மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டான். வெளியே வந்தபோது லோகநாதன் ஸ்விட்சைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பக்கமும் பளிச்சென்று எரிந்தது. சுதாகர் அந்தப் பக்கம் போகாமல் பஸ் பிடித்தான்.

மூன்றாம் நாள்தான் சூர்யகலா தெளிவாகப் பேசினாள். முதலில் மகள் சாப்பிட்டாளா என்று கேட்டாள். அப்புறம் போன் என்ன ஆச்சு என்று கேட்டாள். கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்த சுதாகர் எழுந்து அவள் தலைமாட்டில் வந்து நின்றான்.

"ஸ்டேஷன்ல எழுதி வாங்கினாங்களா?"

"வாங்கினாங்க."

"உன்ன ஒண்ணும் பண்ணலியே?"

"இல்ல."

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "இன்னான்னு எழுதின மாமா?"

சுதாகர் ட்ரிப்ஸ் பாட்டிலைப் பார்த்தான். "லைட்டு எரிஞ்சிச்சின்னு."

பக்கத்துக் கட்டில்காரி கஞ்சிக்குப் பாத்திரம் கழுவப் போனாள். வார்டில் எங்கேயோ ஒரு கைக்குழந்தை அழுதது, நின்றது. சூர்யகலா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. விளங்காத கணக்கை விளக்கச் சொல்லிக் கேட்கிற பிள்ளையின் முகம்தான் இருந்தது.

"எரிஞ்சிச்சின்னா, நான் எதுக்கு மாமா அங்க போயி உட்காந்துகினு இருந்தேன்?"

அந்த வழியாக வந்த நர்ஸ், "குளுருது பாருங்க அவங்களுக்கு, இழுத்து மூடுங்க," என்றாள். சுதாகர் குனிந்து போர்வையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தான். இடது பக்கம் அது பாதம் வரை மேடாக நின்றது. வலது பக்கம் முழங்காலுக்குக் கீழே படிந்து மெத்தையைத் தொட்டது.