முப்பத்தொன்பதில் ஒன்று

மணி பதினொன்று இருபது. விசயதசமி என்பதால் கிளிநொச்சியில் கண்டி வீதிக் கடைகள் பாதி பூட்டிக் கிடந்தன. செல்வராசா தன் கணனிக் கடையைத் திறந்து ஜெனரேற்றரை ஓடவிட்ட கையோடு லாபிர் நானாவின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னால் அவர் மனைவி ஸாலிஹா, ஒரு கடித உறையை நெஞ்சோடு பிடித்தபடி இருந்தார்.

லாபிர் தண்ணீரூற்றுக்காரர். பன்னிரண்டு வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு, சண்டை நின்று பாதை திறந்த பிறகு திரும்பி வந்து துணி வியாபாரம் செய்கிறார். துணிக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக நடந்த மனிதர். இன்று கடையின் இரண்டு படி ஏற இரண்டு தரம் நின்றார்.

"இதுக்குள்ள என்ர நெஞ்சு இருக்கு, தம்பி," என்று உறையைக் காட்டினார். "எடுத்துத் தாங்கோ."

உறைக்குள் ஒரு சீடி. கொழும்பில் அவருடைய இருதயக் குழாய்களைப் படம்பிடித்து அதில் பதிந்து கொடுத்திருந்தார்கள். வட்டக்கச்சியில் ஒரு மண்டபத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த இருதய வைத்தியர் ஒருவர் காலையிலிருந்து ஆட்களைப் பார்க்கிறார். இலவச சத்திரசிகிச்சைக்கு ஆறு பேரைத் தெரிவுசெய்கிறார். ஐந்து பெயர் எழுதியாயிற்று. லாபிரின் படத்தைக் கண்ணால் பார்க்காமல் ஆறாவது பெயரை எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். அவரிடம் கணனி இல்லை. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் கரைச்சல் என்று கொழும்பிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். நாலு படத்தைக் கடதாசியில் அச்செடுத்துக் கொண்டுபோனால் போதும். இரண்டு மணிக்குப் பட்டியலில் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டு ஓமந்தைக்கு வெளிக்கிடுவார். இனி வருகிற வருடம்தான்.

"அஞ்சு நிமிச வேலை, நானா. இருங்கோ."

பூசைக் கடலை கொஞ்சம் மிச்சம் இருந்தது. செல்வராசா தட்டை நீட்டினான்.

"நோன்பு, தம்பி."

"டொக்டர் பிடிக்க வேண்டாம் எண்டவர். இவர் கேட்டால்தானே," என்றார் ஸாலிஹா.

"நெஞ்சுதான் பழுது. வயித்துக்கு என்ன?" என்றார் லாபிர்.

கணனியின் முகத்தில் நேற்று வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. செல்வராசா பொத்தானை அழுத்தினான். தட்டு வெளியே வந்தது. சீடியை வைத்துத் தள்ளினான். பச்சை விளக்கு மினுங்கி அணைந்தது. திரையில் இரண்டு பெட்டிகள் மட்டும் இருந்தன. மூன்றாவதாகச் சீடியின் வட்டப் படம் இருக்கவேண்டும். இல்லை.

அதை எடுத்துவிட்டு ஒரு பாட்டுச் சீடியைப் போட்டுப் பார்த்தான். அதற்கும் அதேதான். நானாவின் சீடியைத் திரும்பப் போட்டான்.

"வாயைத் துறக்குது, விழுங்குது," என்றார் லாபிர். "விழுங்கினதை மட்டும் சொல்லுதில்லை. என்ர மச்சான் ஒருத்தன் இப்பிடித்தான்."

"என்ர கூடப்பிறந்த நானாவைத்தான் சொல்லுறார், தம்பி," என்றார் ஸாலிஹா.

செல்வராசா சிரித்தான். கணனியை நிறுத்தி மீண்டும் போட்டான். தொடக்கத்தில் கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடும். உள்ளே இருக்கும் பாகங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். சீடியை வாசிக்கிற றைவின் பெயர் வரவேண்டிய இடம் வெறுமையாகப் போனது. அவன் சிரிப்பும் போனது.

நேற்று முன்தினம்வரை அது இருந்தது. நேற்று ஆயுத பூசை. ஆயுதங்களைத் துப்பரவாக்கித்தான் வைக்கவேண்டும். பக்கத்துச் சைக்கிள் கடைக்காரன் தன் திருகுசாவிகளை மண்ணெண்ணெயில் கழுவியதைப் பார்த்துவிட்டு, செல்வராசா கணனியின் மூடியைக் கழற்றினான். முன்பு ஒருநாளும் கழற்றியதில்லை. அந்தக் கடைக்காரனின் காற்றுப் பம்பால் உள்ளே அடித்தான். சிவப்புத் தூசி மேகமாக எழுந்தது. பட்டையான வயர்களைப் பிடுங்கி, துடைத்து, திரும்பக் குத்தினான். ஒன்று போக மறுத்தது. அழுத்தினான். போனது. திரையில் சரஸ்வதி படம் வந்ததும் சூடம் கொளுத்தினான்.

இப்போது மறுபடியும் மூடியைக் கழற்றி அந்த வயரை இழுத்தான். றைவின் பின்பக்கத்தில் மயிர்போல முப்பத்தொன்பது ஊசிகள், இரண்டு வரிசை. மூலையில் ஒன்று மடிந்து படுத்திருந்தது.

"என்னவாம்?" என்றார் லாபிர்.

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொல்லத் தொடங்கினால் நேரம் போகும் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டான்.

"வயர் கொஞ்சம் இளகியிருக்கு, நானா. மெல்லிசா ஊசி ஏதும் இருக்கோ, அக்கா?"

ஸாலிஹா முக்காட்டில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு முக்காட்டை நாடிக்குக் கீழே ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

செல்வராசா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசிமுனையை உள்ளே விட்டான். மடிந்தது கொஞ்சம் எழும்பியது. இன்னும் கொஞ்சம். நேராக வந்துவிட்டது என்று நினைத்த நேரம் அடியோடு முறிந்து அவன் விரல்நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது. பொடுகு அளவுகூட இல்லை.

மின்வயர் ஒன்றை உரித்து, ஒரு செப்பு இழையை அந்த இடத்தில் செருகி, வயரை மாட்டிப் பார்த்தான். கறுப்புத் திரையில் வெறுமைதான். இழையை மாற்றினான். பிறகும் வெறுமைதான். மூன்றாம் முறை கணனியே எழும்ப மறுத்தது. இழையை எடுத்துவிட்டான்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு வேறு றைவ் தேடிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினான். பரந்தன் சந்தியில் இருந்த கணனிக் கடை பூட்டியிருந்தது. கடைக்காரன் கோயிலுக்கு என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வருகிற வழியில் ஒரு தொண்டு நிறுவனத்தின் வாசலில் கெஞ்சினான். வெளியாட்களின் சீடியைப் போட விடமாட்டோம், வைரஸ் வரும் என்றார் காவலாளி. நெஞ்சுப் படம் ஐயா என்றான். அதிலும் வரும் என்றார் அவர்.

திரும்பி வரும்போது ஒன்று நாற்பது. வட்டக்கச்சிக்கு அந்த றோட்டில் எப்படிப் போனாலும் அரை மணித்தியாலம்.

லாபிர் கதிரையில் சாய்ந்திருந்தார். செல்வராசாவின் முகத்தைப் பார்த்தார். "வேர்த்துப் போனீங்கள். தண்ணி குடியுங்கோ. நான் பிடிக்கிற நோன்புக்கு நீங்களேன் காயிறீங்கள்?" என்றார்.

செல்வராசா பொத்தானை அழுத்தினான். தட்டு வெளியே வந்தது. சீடி இளஞ்சூடாக இருந்தது. லாபிர் அதை வாங்கிச் சட்டையில் துடைத்தார். அதில் தெரிந்த தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உறையில் போட்டார்.

"மிசின்தானே, தம்பி. எங்கட நேரத்துக்குப் பழுதாகினால் ஆர் என்ன செய்யிறது?"

அவர் ஒரு படி இறங்கி நின்றார். பிறகு மற்றப் படி.

ஸாலிஹா போகவில்லை. மேசையில் கிடந்த தன் ஊசியை எடுத்தார். திருகாணிகள் இல்லாத மூடியைப் பார்த்தார். மூடியின் உள்பக்கத்திலும் ஒரு குங்குமப் பொட்டு இருந்தது. முக்காட்டைப் பிடித்த கையை எடுக்காமல், வெளியே கேட்காத குரலில் கேட்டார்:

"தம்பி, இதை நேற்றும் கழட்டினனீங்களோ?"