பிரிஸில்லாவின் கட்டம்

படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. டெரிக் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்தான். சனிக்கிழமை மதியம். பாயான் பாரு அடுக்குமாடியின் கீழே யாரோ காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடத்தில் கலந்துரையாடல். இன்று அவன் வாயைத் திறந்தே ஆக வேண்டும்.

பிரெஞ்சுப் படக் குழு அவன் மனைவி பிரிஸில்லாவுடையது. மாதம் ஒரு படம். அவரவர் வீட்டில் ஒரே நேரத்தில் இணையத்தில் பார்த்துவிட்டு, பிறகு திரையில் கூடிப் பேசுவார்கள். பிரெஞ்சு வந்தால் பிரெஞ்சு, வராவிட்டால் தமிழ். அவள் இறந்து எட்டு மாதம் ஆகிறது. அவளுடைய மடிக்கணினியில் ஒருநாள் நினைவூட்டல் வந்தது. அழுத்தினான். படம் ஓடியது. அப்படியே இரண்டு மாதம். அவள் வைத்துவிட்டுப் போன எதையும் அவன் மாற்றவில்லை, திரையின் வெளிச்சத்தைக்கூட. கேமரா இல்லாமல், அவள் பெயர் போட்ட கறுப்புக் கட்டத்துக்குள் பேசாமல் உட்கார்ந்திருப்பான். பேசுகிறவரின் கட்டத்தைச் சுற்றிப் பச்சைக் கோடு ஒளிரும். இந்தக் கட்டத்தைச் சுற்றி அது வந்ததே இல்லை.

குழுவில் பன்னிரண்டு இடம். தொடர்ந்து மூன்று முறை வந்து உட்கார்ந்தும் பேசாதவரின் பெயர் எடுக்கப்பட்டுவிடும். காத்திருப்பவர் உள்ளே வருவார். குழுவை நடத்தும் சுபாஷினி அக்கா ஆயர் ஈத்தாமிலிருந்து போன் செய்து தயங்கித் தயங்கிச் சொன்னார். "அந்த ரூல போட்டதே பிரிஸில்லாதான் தம்பி. நான் என்ன செய்ய?"

அவள் போடக்கூடிய ரூல்தான்.

"போன்ஜூர்" வணக்கமெல்லாம் முடிந்தது. சுபாஷினி அக்கா கட்டங்களைப் பார்த்தார். "டெரிக் தம்பி, இன்னிக்குக் கதைய நீங்க சொல்லுங்க. சும்மா சுருக்கமா."

டெரிக் ஒலிவாங்கியைத் திறந்தான். மேசையைப் பார்த்தபடியே சொன்னான்.

"ஒரு ரொட்டிக் கடைக்காரர். வயசானவர், தனியா இருக்காரு. அவரோட மக ரொம்ப நாள் கழிச்சு வர்றா. அப்பாவுக்குக் கடைய நடத்த முடியலன்னு தெரிஞ்சுக்கிறா. அலமாரியெல்லாம் தொறந்து பாக்குறா, நோட்டுல எழுதுறா, கெட்டுப்போன மாவ எடுத்துக் கொட்டுறா. அவரு அழறாரு. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து கடையக் கழுவுறாங்க. கடைசில அவ அவரு நெத்தியில முத்தம் குடுக்கிறா. அவ்வளவுதான்."

பல்கலைக்கழகத்தில் படிக்கும் அமீரா வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

"மகளா?" என்றார் சுபாஷினி அக்கா. "தம்பி, அவ சுகாதார ஆபீசர் lah. கடைய மூட வந்தவ."

"இல்லையே. அவ்வளவு உரிமையா திட்டுறாளே."

"எலி இருந்துச்சு. அதான் திட்டுனா."

அமீரா பொத்திய கையை எடுத்துவிட்டாள். சிரிப்பு பீறிட்டது. "அண்ணே, சப்டைட்டில் இல்லாமலயா பாத்தீங்க?"

"இருந்தாத்தானே படிக்க. மூணு படமும் அப்படித்தான் பாத்தேன். அதுவும் இங்க ஒரு ரூல்னு நெனச்சேன்."

இப்போது எல்லாக் கட்டங்களும் குலுங்கின. சுபாஷினி அக்கா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "பிரிஸில்லா ஆஃப் பண்ணி வச்சிருப்பா. எழுத்து இருந்தா காது சோம்பேறியாயிடும்பா. கீழ வலது பக்கம் ஒரு பட்டன் இருக்கு பாருங்க."

"இருங்க, இருங்க," என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியர் லாரன்ஸ். அவர் எப்போதும் கடைசியில்தான் பேசுவார். "ஆபீசர் வந்து மாவக் கொட்டுனா எவன் அழுவான்? சண்டதான் போடுவான். மக கொட்டுனாதான் அழுவான். டைரக்டரு தப்பா எடுத்துட்டாரு. இவரு சொல்றதுதான் கதை."

"அப்போ அந்த எலி யாரு அங்கிள், மருமகனா?" என்றாள் அமீரா.

டெரிக்கிடமிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. இருமல் என்று நினைத்தான். இருமல் இல்லை. நாற்காலி கிரீச்சிட, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நிறுத்த முயன்றான், எலி நினைவுக்கு வந்தது.

"அடுத்த மாசமும் அந்தப் பட்டனத் தொடாதீங்க அண்ணே," அமீரா சொல்லிக்கொண்டிருந்தாள். "மொதல்ல உங்க கதை. அப்புறந்தான் படத்தோட கதை."

பதில் சொல்லலாம் என்று நிமிர்ந்து திரையைப் பார்த்தான். இரண்டாம் வரிசையில், கறுப்புக் கட்டத்தில், பிரிஸில்லா என்ற பெயரைச் சுற்றிப் பச்சைக் கோடு ஒளிர்ந்தது. அவன் மூச்சு வாங்க அது மங்கியது. சிரிப்பு மறுபடி வர, மறுபடி எரிந்தது.