கடைசி சீட்டு

பொழுதுபோக்குப் பூங்காக்களுக்குச் சவாரி வண்டி செய்யும் பட்டறையில் அந்தப் பெண் பொறியாளர் மூன்று மாதமாக ஒரு வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மேடுபள்ளத்தில் ஓடும்போது ஆட்கள் அலற வேண்டும். ஏறிப் பார்த்தவர்களோ கொட்டாவி விட்டார்கள்.

அன்று பஸ் கண்டக்டரான தன் நாத்தனாரை ஏற்றிப் பார்த்தாள். இறங்கியதும் நாத்தனார், "கோச்சுக்காதீங்க அண்ணி, எங்க பஸ்ல கடைசி சீட்டே இதைவிட நல்லா தூக்கிப் போடும்" என்றாள்.

பொறியாளருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கேட்டாள். "கடைசி சீட்டு மட்டும் ஏன்?"

"அது பின் சக்கரத்துக்கும் பின்னாடி இருக்குல்ல! சக்கரம் ஒரு ஜாண் ஏறினா நாம ஒரு முழம் ஏறுவோம்."

பொறியாளர் அப்போதே வெல்டரைக் கூப்பிட்டு, சக்கரங்களுக்கு நடுவே இருந்த இருக்கைகளைப் பின் சக்கரத்துக்கு அப்பால் தள்ளிவைக்கச் சொன்னாள். வண்டி பின்பக்கம் சாயாமலிருக்க முன்னால் இரும்புப் பாளங்களைப் பூட்டினார்கள்.

நான்காம் நாள் இருவரும் சேர்ந்தே ஏறினார்கள். முதல் மேட்டிலேயே உடம்பு இருக்கையை விட்டு எழும்பியது. நாத்தனார் அண்ணியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

வண்டி நின்றது. "உயிரே போயிட்டு வந்துச்சு அண்ணி!"

பொறியாளர் சிரித்தபடி பெல்ட்டைக் கழற்றப் போனாள். நாத்தனார் விடவில்லை.

"எங்க இறங்கறீங்க? இன்னொரு ரவுண்டு போகலாம்."