டைம் கீப்பரின் வயிறு

என் சமையல்தான் என் வீட்டுக்காரர் வயிற்றைக் கெடுத்தது என்று தீர்ப்புச் சொன்னவர் என் நாத்தனார். அதனால் எட்டு மாதமாக இந்த வீட்டில் மிளகாய்க்கு வேலையில்லை. வெறும் வெந்த காயாகப் போட்டேன். அப்படியும் அவருக்கு மேல்வயிறு எரிந்தது. இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு திம்மென்று ஆனது. ஏப்பம் விட்டபடியே என்னைப் பார்ப்பார். வாய் திறந்து குறை சொல்லியிருந்தால் ஒரு பிடி பிடித்திருப்பேன். பார்வையை என்ன செய்வது?

கடைசியில் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். "புண் ஒண்ணும் இல்ல. எல்லாம் சுத்தமா இருக்கு," என்றார்.

இவருக்கு முகம் தொங்கிப்போனது. "நல்லா பாத்தீங்களா டாக்டர்?"

"வலி நிஜம்தாங்க. சாப்பாடு உள்ள போனா இரைப்பை விரிஞ்சு கொடுக்கணும், உங்களுது கொடுக்கல. நரம்பும் சின்ன விஷயத்துக்கெல்லாம் கூப்பாடு போடுது. அது குழாயில தெரியாது. மாத்திரை தரேன். என்ன சாப்பிட்டீங்க, எப்ப வலிச்சுதுன்னு ரெண்டு வாரம் நோட்டுல எழுதிட்டு வாங்க."

யாரிடம் எழுதச் சொல்கிறோம் என்று டாக்டருக்குத் தெரியாது. இவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று இருபது வருடமாக எழுதுகிறவர். வயிற்றுக்கும் கோடு போட்டு அப்படியே எழுதினார்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் அந்த நோட்டைப் புரட்டினார். நான் நோட்டை எட்டிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சமையல்தான் காரணம் என்று டாக்டரும் சொல்லிவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் எனக்கு என்ன மரியாதை?

"வருகை 12.40, புறப்பாடு 12.44. என்னங்க இது?"

"மத்தியானச் சாப்பாடு டாக்டர். வீட்டு டப்பாதான். நாலு நிமிஷத்துல முடிச்சிருவேன்," என்றார் இவர்.

"தினமும் ஒண்ணே காலுக்கு வலி. ஞாயித்துக்கிழமை மட்டும் அரை மணி நேரம் சாப்பிட்டிருக்கீங்க, வலியே இல்லயே. அன்னைக்கு வேற சமையலா?"

இவர் மேஜையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "அதே சமையல்தான் டாக்டர். அதே அடுப்பு, அதே கை."

"அப்ப கொஞ்சம் கொஞ்சமா, மென்னு சாப்பிடுங்க. மாத்திரைய விட்றாதீங்க. சிலருக்குக் காரம், எண்ணெய் ஒத்துக்காது. உங்களுக்கு எப்படின்னு ஒண்ணொண்ணா சேர்த்துப் பாத்துக்கலாம்."

வீட்டுக்குள் நுழைந்ததும் நாத்தனாரின் ஃபோன். ஸ்பீக்கரில் போட்டார். "என்னப்பா, டாக்டரும் உம் பொண்டாட்டி சமையலத்தான் சொன்னாரா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை.

"இல்லக்கா. தப்பு என் மேலதான். நிக்க நேரமில்லாம அள்ளிப் போட்டுக்கிட்டேன். பழிய அவ தலையில போட்டேன்."

எட்டு மாதப் பழி தலையிலிருந்து இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைப்பதற்குள் இவர் மேலே பேசினார்.

"எழுத ஆரம்பிச்ச முத ஞாயித்துக்கிழமையே புரிஞ்சுபோச்சுக்கா. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

வந்த அழுகை நின்றுவிட்டது. ஃபோனை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"அண்ணி, லைன் சரியில்ல, உங்களுக்குச் சரியா கேட்டிருக்காது. இன்னொரு தடவை மொதல்லேர்ந்து சொல்லச் சொல்றேன்."