கூறைச்சேலைத் திரை

எண்பத்தாறாம் ஆண்டு பெரிய வெள்ளி நாடகத்துக்காகக் கோலியர்ஸ் வுட் மண்டபமொன்றில் எருசலேம் தேவாலயம் கட்டினோம். தேயிலைப் பெட்டிக்குப் பொன்தாள் ஒட்டியதும் அது கடவுளின் கட்டளைகள் வைத்த உடன்படிக்கைப் பெட்டி ஆகிவிட்டது. கடவுள் முன் படைக்கும் சமுகத்தப்பமாக மேசையில் வைத்த பன்னிரண்டும் நான் சுட்ட ரொட்டிதான். பெட்டியை மறைக்கும் திரைக்கு என் சிவப்புக் கூறைச்சேலையைக் கொடுத்தேன். புலம்பெயர்ந்தபோது ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரே பட்டு அது.

நாடகம் பழக்கிய ஞானமணி அக்கா கத்தரிக்கோலோடு வந்தார்.

"இதென்னக்கா?"

"ஆண்டவர் உயிர் விடேக்க திரை கிழிய வேணுமெல்லே பிள்ளை? அப்பதானே எல்லாருக்கும் உள்ள போற வழி திறக்கும்."

"ஐயோ, என்ர கலியாணக் கூறையக்கா!"

"கிழியுங்கோ அக்கா, எனக்கும் விடுதலை கிடைக்கும்" என்றார் என் கணவர்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டார்.

"அழாதை. என்ர ஊதாக் கூறையையும் கொண்டுவாறன். ரெண்டையும் சேர்த்து நூலோட்டம் போடு, நூலை இழுத்தாக் கிழியாமலே பிரியும். ஆனா மேலயிருந்துதான் பிரிய வேணும். அந்தத் திரையைக் கிழிச்சது மனுசரில்லை."

மேலிருந்து பிரிய வேண்டுமென்றால் நூலைக் கீழிருந்து இழுக்க வேண்டும். நாடகத்தன்று என் கணவர் பெட்டிக்குப் பின்னால் குந்தியிருந்து இழுத்தார். சிவப்பும் ஊதாவும் உச்சியிலிருந்து விலக, பெட்டி பளபளத்தது. சனம் முழுக்க எழுந்து நின்றது.

அக்கா இப்போது இல்லை. கூறையை எடுக்கும்போதெல்லாம் கரையிலுள்ள அந்த ஊசித் துளைகளைத் தடவிப் பார்ப்பேன்.