அடிப்பிடித்த பெஹி ஜாம்

மஸ்தூரா வீட்டுக்கும் கும்ரி வீட்டுக்கும் நடுவே ஒரு மண்சுவர். அந்தச் சுவரில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு வழி விட்டிருந்தார்கள். உஸ்பெக் ஊரான மார்கிலானில் அந்தத் தெரு முழுக்க இப்படித்தான் என்றாலும், இந்த இரண்டு பெண்களைப் போல அந்த வழியைத் தேய்த்தவர்கள் வேறு யாரும் இல்லை. உப்பு தீர்ந்தாலும் அதன் வழியே, புருஷனிடம் சண்டை வந்தாலும் அதன் வழியே. இலையுதிர் காலம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இரண்டு வீட்டுப் பெஹிப் பழமும் ஒரே கொப்பரையில்தான் வேகும்.

பெஹி லேசுப்பட்ட பழம் இல்லை. பச்சையாகக் கடித்தால் பல் கூசும், தொண்டை அடைக்கும். மஞ்சள் தோலில் ஒட்டியிருக்கும் பஞ்சைத் துடைத்து, கல் மாதிரிச் சதையை நறுக்கிச் சர்க்கரையில் ஊறப்போட்டு, பட்டை, கிராம்பு, ஏலம் சேர்த்துச் சிறு தீயில் அரை நாள் கிளறினால்தான் மனம் இறங்கிச் சிவக்கும். நடுவில் துடுப்பை விட்டு நகர்ந்தால் போச்சு.

இந்த வருஷம் அதுதான் நடந்தது. கொப்பரை கும்ரியின் முற்றத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. ஜாடிகளைக் கழுவி எடுத்துவர மஸ்தூரா தன் வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போதே கருகல் வாடை மூக்கில் ஏறியது. கும்ரி வாசல் பக்கமிருந்து முக்காடு பறக்க ஓடிவந்தாள்.

"தயிர்க்காரி வந்துட்டாக்கா. வாய மூடுவாளா அவ? பேச்சு குடுத்தே என் உசுர எடுத்துட்டா."

"போனாப் போகுது விடு. உனக்குத் தெரியாம அவ பாதித் தயிர்ல தண்ணி ஊத்தி வித்துட்டும் போயிருப்பா" என்று மஸ்தூரா சிரித்தாள்.

அடியைச் சுரண்டாமல் மேலாக எடுத்து வேறு பாத்திரத்துக்கு மாற்றினார்கள். அப்படியும் லேசான கருகல் நின்றது. அதை மறைக்க மஸ்தூரா கிராம்பை இரட்டிப்பாக்கி, காயவைத்திருந்த ஆரஞ்சுத் தோலையும் பொடித்துப் போட்டாள். பெஹி ஜாமில் ஆரஞ்சுத் தோலா என்று தெருவே சிரிக்கும். "நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்" என்று ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தன் பங்கில் ஒரு கரண்டிகூட மஸ்தூரா வெளியே கொடுக்கவில்லை. வெட்கம்.

அந்த நாட்களில் அவள் மனசெல்லாம் மகள் இரோதாவின் சம்பந்தத்தில் கிடந்தது. மேலத்தெரு ஹாஜர் தன் மகன் ஸஃபருக்குப் பெண் கேட்டு வந்து போயிருந்தாள். பையனும் பெண்ணும் பூங்காவில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்று பேசியாயிற்று. வீடு திரும்பிய இரோதா, பாத்திரம் துலக்கும்போதும் பாடினாள். மீண்டும் வந்து ரொட்டியை உடைத்தால் நிச்சயம் முடிந்த மாதிரிதான். அதற்கு முன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். விசாரிக்கட்டுமே, பக்கத்து வீட்டில் கும்ரி இருக்கிறாளே என்று மஸ்தூரா தைரியமாக இருந்தாள்.

ஆனால் ஹாஜர் வரவில்லை. "பையனுக்கு இப்ப கல்யாண நினைப்பு இல்லையாம்" என்று சொல்லியனுப்பினாள், அவ்வளவுதான். இரோதா பாட்டை நிறுத்திவிட்டுக் கண்ணாடி முன் நிற்க ஆரம்பித்தாள். "என் மூக்குதாம்மா காரணம். பொண்ணு கேட்டு வந்தப்ப அவங்க அத்தை அதையே பாத்துட்டு இருந்தாங்க" என்றாள். பெற்ற வயிறு எரியாதா?

இப்படியிருக்க, ஹாஜர் வீட்டில் பேரனுக்குத் தொட்டில் விருந்து வந்தது. தெருவே போகும்போது போகாமல் இருந்தால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள். மஸ்தூரா நல்ல சால்வையாகப் போர்த்திக்கொண்டு போனாள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, தேநீரும் ரொட்டியும் ஜாமும் வந்தன. ரொட்டியைப் பிட்டு ஜாமில் தோய்த்து வாயில் வைத்தாள்.

கிராம்பு. அதற்குப் பின்னால் ஆரஞ்சுத் தோல். எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் கருகல். தன் கைப்பக்குவம் தன் நாக்குக்குத் தெரியாதா?

பரிமாறிக்கொண்டிருந்தவள் ஹாஜரின் இரண்டாவது மருமகள். கோகந்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து சில மாதம்தான் ஆகிறது. தெருவில் பாதிப் பேரை அவளுக்குத் தெரியாது. நிறுத்தாமல் பேசுகிற பெண்.

"ஜாம் நல்லாருக்கே. யார் செஞ்சதும்மா?" என்று கேட்டாள் மஸ்தூரா.

"எங்க புது சம்பந்தி வீட்டுது அத்தை. கும்ரி சித்தி இருக்காங்கல்ல, அவங்க தங்கச்சி மக லோலாவத்தான் எங்க கொழுந்தனுக்குப் பேசியிருக்கு. வர வெள்ளிக்கிழமை ரொட்டி உடைக்கிறோம். முதல்ல வேற ஒரு பொண்ணப் பாத்தாங்களாம். நல்லவேளை, எங்க மாமியார் போய் விசாரிச்சிருக்காங்க. கும்ரி சித்தி ஜாம் கிளறிட்டு இருந்தவங்க, அப்படியே அடுப்புல விட்டுட்டு வாசலுக்கு வந்து உண்மையச் சொன்னாங்களாம். அந்தப் பொண்ணுக்கு வலிப்பு வருமாம். மறைச்சு வெச்சிருக்காங்களாம், பாருங்க அநியாயத்த."

மஸ்தூரா கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

வலிப்பு. இரோதாவுக்கு நாலு வயதில் கடும் காய்ச்சலில் ஒரே ஒரு முறை வந்தது. செருப்பைக்கூடத் தேடாமல் பனியில் வெறுங்காலோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடியவள் கும்ரிதான். காய்ச்சலில் வந்ததுதான், இனி வராது என்றார் டாக்டர். வரவும் இல்லை. வெளியே சொல்லாதே, நாளைக்குக் கட்டிக்கொடுக்க வேண்டிய பெண் என்று மஸ்தூரா அழுதபோது, கும்ரி ரொட்டியை எடுத்துக் கண்ணில் ஒற்றிச் சத்தியம் செய்தாள். அந்த வெறுங்காலை நினைத்து நினைத்து மஸ்தூரா இத்தனை வருஷமாக அவளைக் கும்பிடாத குறையாக வைத்திருந்தாள். பாவி, ரொட்டியைத் தொட்டு மறைத்ததை வாசலில் நின்று போட்டு உடைத்திருக்கிறாளே. அந்த நேரத்தில் தான் அவளுக்கும் சேர்த்து ஜாடி கழுவிக்கொண்டிருந்ததை நினைத்தபோது மஸ்தூராவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

சாயங்காலம் கும்ரி சுவர் வழியாக வந்தாள், எப்போதும் போல.

"மிச்சப் பழம் அழுகுதுக்கா. நாளைக்கு இன்னொரு கொப்பரை வெச்சிரலாமா?"

"வாங்க சித்தி" என்று இரோதா தேநீர் ஊற்றினாள். வந்தவர்களுக்கு வைக்கிற மாதிரி ஒரு தட்டில் ஜாமும் வைத்தாள்.

"சாப்பிடு கும்ரி" என்றாள் மஸ்தூரா.

"எனக்கெதுக்குக்கா? என் பங்குதான் வீட்ல அப்படியே இருக்கே."

"அப்படியேவா இருக்கு? ஒரு ஜாடி மேலத்தெருவுல இருந்துச்சு. இன்னிக்கு நானே தொட்டுத் தின்னேன்."

கும்ரி கையிலெடுத்த கோப்பையைக் கீழே வைத்தாள். இரோதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஜாம் அடிப்பிடிச்ச அன்னிக்கு வாசலுக்கு யாரு வந்தாங்க?" மஸ்தூராவின் குரல் உயரவில்லை. "எங்கிட்டச் சொல்ல வேணாம். இவகிட்டச் சொல்லு. நீ தூக்கிட்டு ஓடின புள்ளதானே. தன் மூஞ்சியிலயே குத்தம் தேடிட்டு உக்காந்திருக்கா."

கும்ரி நிமிர்ந்து இரோதாவைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லிவிடு என்று மஸ்தூரா மனசுக்குள் கெஞ்சினாள். தங்கை மகளுக்காக, வேறு வழி தெரியாமல் இப்படிப் பண்ணிவிட்டேன் என்று சொல். நான் கத்துவேன், உன் மயிரைப் பிடித்து இழுப்பேன், ஒரு குளிர்காலம் முகத்தில் விழிக்க மாட்டேன். ஆனாலும் அந்த வெறுங்காலுக்காக ஒருநாள் மன்னித்துத் தொலைப்பேன்.

"தயிர்க்காரிதான்" என்றாள் கும்ரி. "அன்னிக்கே சொன்னேனேக்கா."

மஸ்தூரா எழுந்தாள். மூலையில் சாத்தியிருந்த மல்பெரி மரத் துடுப்பை எடுத்தாள். கும்ரியின் புருஷன் செதுக்கியது, எப்போதும் இந்த வீட்டில்தான் இருக்கும். அதைக் கும்ரியின் மடியில் வைத்தாள்.

"நாளைக்குக் கொப்பரை வைக்கணும்னாங்களே, துடுப்பு வேணாமாம்மா?" என்றாள் இரோதா.

"வேணாம். என் பழத்த நானே கிளறிக்கிறேன்."

கும்ரி துடுப்போடு எழுந்தாள். சுவர் வழியைப் பார்த்தாள், பிறகு தெருக்கதவைத் திறந்து சுற்றிக்கொண்டு போனாள். தேநீர் அப்படியே ஆறிக் கிடந்தது.

"என்னம்மா ஆச்சு? சித்தி ஏன் அந்தப் பக்கமாப் போறாங்க?"

மஸ்தூரா மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள். அவ்வளவு நேரம் அடக்கிய கண்ணீர் இப்போதுதான் வந்தது.

"எல்லாம் சொல்றேன், உக்காரு. அதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கோ. உன் மூக்குல ஒரு குறையும் இல்ல."